நகல் இயந்திரத்தின் நினைவு யாருக்குச் சொந்தம்?

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி 2010 ஏப்ரலில் ஒரு புலனாய்வுச் செய்தியை ஒளிபரப்பியது. அலுவலகங்களில் குத்தகைக் காலம் முடிந்து திரும்பிய நகல் இயந்திரங்களை அடுக்கி வைத்து விற்கும் நியூ ஜெர்சி மாநிலக் கிடங்கு ஒன்றில், அச்செய்திக் குழு நான்கு இயந்திரங்களை விலைக்கு வாங்கியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 டாலர். எந்த அலுவலகத்திலிருந்து வந்தவை என்று தேடிப் பார்த்து வாங்கவில்லை. விலையையும், அதுவரை எத்தனை பக்கங்கள் அச்சிடப்பட்டுள்ளன என்ற கணக்கையும் மட்டுமே பார்த்தார்கள். பிறகு அவற்றுள் இருந்த வன்தட்டுகளை, அதாவது ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளால் ஆராய்ந்தார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பல்லாயிரம் ஆவணங்கள் வெளியே வந்தன.

இரண்டு இயந்திரங்கள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரக் காவல் துறையில் இருந்தவை. பாலியல் குற்றப் பிரிவின் இயந்திரத்தில் குடும்ப வன்முறைப் புகார்களும், தேடப்படும் பாலியல் குற்றவாளிகளின் பட்டியலும் இருந்தன. யாரோ மறந்துவிட்டுப்போன தாள்கள்கூட அதன் கண்ணாடியின் மீது அப்படியே கிடந்தன. போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் இயந்திரத்தில், பெரிய சோதனை ஒன்றின் இலக்காகக் குறிக்கப்பட்டவர்களின் பட்டியல் இருந்தது. மூன்றாவது இயந்திரம் ஒரு கட்டுமான நிறுவனத்துடையது: ஊழியர்களின் பெயர், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவற்றுடன் 95 பக்க ஊதியச் சீட்டுகள். நான்காவது, நியூயார்க்கில் இயங்கிய அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்னும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது. அதில் 300 பக்க மருத்துவக் குறிப்புகள். யாருக்கு என்ன மருந்து எழுதப்பட்டது, யாருடைய இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது, யாருக்குப் புற்றுநோய் என்பதெல்லாம் அவற்றில் பதிவாகியிருந்தன.

அதே கிடங்கிலிருந்து, பழைய நகல் இயந்திரங்கள் நிறைந்த இரண்டு கண்டெய்னர்கள் ஒன்று சிங்கப்பூருக்கும் மற்றொன்று அர்ஜென்டினாவுக்குமாகப் புறப்படத் தயாராக இருந்தன. அவற்றுள் எவருடைய கதைகள் பயணம் செய்தன என்பது எவருக்கும் தெரியாது.

அஃபினிட்டி நிறுவனத்துக்குச் செய்திக் குழு தகவல் தெரிவித்தது. நிறுவனம் சட்டப்படி அமெரிக்க சுகாதாரத் துறையிடம் தகவல் கசிவு குறித்து அறிக்கை அளித்தது. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் என்று அது மதிப்பிட்ட எண்ணிக்கை 3,44,579. மூன்றாண்டு விசாரணைக்குப் பிறகு, 2013 ஆகஸ்டில், 12,15,780 டாலர் செலுத்தி நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. விசாரணையில் சுட்டிக்காட்டப்பட்ட குறை மிக எளியது. தன்னிடம் உள்ள மருத்துவத் தகவல்களுக்கு எங்கெல்லாம் ஆபத்து உண்டு என்று அந்நிறுவனம் ஆய்வு செய்தபோது, நகல் இயந்திரங்களின் வன்தட்டுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இயந்திரங்களைக் குத்தகை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்கும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறையும் செயல்படுத்தப்படவில்லை. முன்பு திருப்பிக் கொடுத்த இயந்திரங்களின் வன்தட்டுகளையும் இயன்றவரை தேடிப் பிடித்து மீட்கவேண்டும் என்பது சமரசத்தின் நிபந்தனைகளுள் ஒன்று.

அந்தத் தொகையைப் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், தலைக்கு ஏறத்தாழ மூன்றரை டாலர் வருகிறது. அதுவும் அரசுக்குச் சென்றது. இந்த மூன்றரை டாலர் கணக்குதான், ஒரு பொருளாதார மாணவன் என்ற முறையில், இப்பொருள் குறித்து என்னைச் சிந்திக்க வைக்கிறது.

முதலில், நகலெடுக்கும் ஓர் இயந்திரம் எதற்காக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? பழைய நகல் இயந்திரத்துக்கு நினைவு என்று ஒன்றில்லை. கண்ணாடியின் மீது வைத்த தாளின் மீது ஒளி பாயும். அதன் பிம்பம் உருளையில் விழும். கரித்தூள் ஒட்டி, வெள்ளைத் தாளில் பதியும். அடுத்த தாளின் பிம்பம் விழுமுன் முந்தையது அழிந்துவிடும். இன்றைய இயந்திரம் அப்படிப்பட்டதன்று. அது உள்ளபடியே ஒரு கணினி. தாளை முதலில் மின்னணுப் படமாக மாற்றுகிறது. பிறகு அந்தப் படத்தை அச்சிடுகிறது. நூறு பக்க அறிக்கையை இருபது படிகளாக அடுக்கித் தரவும், ஒருவர் அச்சிடும்போதே மற்றொருவர் ஸ்கேன் செய்யவும், ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பவும் அதற்கு ஓர் இடைச் சேமிப்பிடம் தேவை. அதுவே வன்தட்டு. 2002-க்குப் பிறகு தயாரான அலுவலக நகல் இயந்திரங்கள் ஏறத்தாழ அனைத்திலும் அது உண்டு என்று அந்தச் செய்தித் தொகுப்பு கூறியது. ஷார்ப் நிறுவனம் 2008-இல் நடத்திய ஒரு கருத்துக் கணிப்பின்படி, அமெரிக்கர்களில் 60 விழுக்காட்டினர் இதை அறிந்திருக்கவில்லை.

இங்கே மிகைப்படுத்தவும் கூடாது. மேசை மீது வைக்கும் சிறிய இயந்திரங்கள் பலவற்றில் வன்தட்டு இருப்பதில்லை. இருப்பவற்றிலும், எடுத்த ஒவ்வொரு நகலும் என்றென்றைக்கும் தங்கிவிடுவதில்லை. இடம் தேவைப்படும்போது பழையவற்றின் மீது புதியவை எழுதப்படும். ஆயினும், அதுவரை அவை அங்கேதான் இருக்கும்.

வேலை முடிந்ததும் இயந்திரம் அந்தக் கோப்பை அழித்துவிடாதா என்று கேட்கலாம். அழிக்கும், ஆனால் கணினி அழிப்பது என்று சொல்வது வேறு, நாம் அழிப்பது என்று புரிந்துகொள்வது வேறு. நூலகத்தில் ஒரு நூலின் அட்டவணைச் சீட்டை மட்டும் கிழித்துப் போட்டால் நூல் எங்கும் போய்விடாது. அட்டவணையைப் பார்த்துத் தேடுபவருக்குக் கிடைக்காது. அலமாரி அலமாரியாகத் தேடுபவருக்குக் கிடைத்துவிடும். வன்தட்டில் ஒரு கோப்பை நீக்குவதும், பல வேளைகளில் வன்தட்டையே 'ஃபார்மேட்' செய்வதும் இத்தகைய சீட்டுக் கிழிப்புதான். இலவச மென்பொருள் செய்வது அலமாரியைத் தேடும் வேலை.

உண்மையாக அழிப்பதற்கான வழிகளும் மறைபொருளல்ல. அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் வெளியிட்டுள்ள வழிகாட்டி மூன்று படிகளைக் கூறுகிறது. முதலாவது, தட்டின் மீது வேறு தரவுகளை எழுதிப் பழையதை மூடிவிடுவது. இரண்டாவது, ஆய்வகக் கருவிகளைக் கொண்டும் மீட்க இயலாதபடி நீக்குவது. தட்டில் உள்ளவை தொடக்கம் முதலே குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதைத் திறக்கும் சாவியை மட்டும் அழித்துவிடுவதும் இவ்வகையில் அடங்கும். மூன்றாவது, தட்டையே பொடியாக்கிச் சிதைப்பது. ஒரு காலத்தில் முப்பத்தைந்து முறை மேலெழுத வேண்டும் என்றெல்லாம் கூறப்பட்டது. இன்றைய காந்தத் தட்டுகளுக்கு ஒருமுறை முழுமையாக எழுதுவதே பொதுவாகப் போதும். ஆனால் காந்தத் தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி இருந்தால் மேலெழுதுவதை மட்டும் நம்ப முடியாது; தரவு எந்த மூலையில் எழுதப்படுகிறது என்பதை அந்தச் சாதனமே மாற்றி மாற்றித் தீர்மானிக்கிறது. அதற்கு, சாதனத்துக்குள்ளேயே அமைந்த அழிப்புக் கட்டளை அல்லது சாவியை அழிக்கும் முறை வேண்டும்.

ஆக, சிக்கல் தொழில்நுட்பத்தில் இல்லை. செலவிலும் இல்லை. நகலெடுத்தவுடன் வன்தட்டில் உள்ள படத்தைத் தானாகவே அழிக்கும் வசதியை ஒரு தயாரிப்பாளர் 500 டாலருக்கு விற்பதாக அதே செய்தித் தொகுப்பு குறிப்பிட்டது. 500 டாலர் ஒருபுறம்; 12 இலட்சம் டாலர் மறுபுறம். இருந்தும் ஏன் இது செய்யப்படுவதில்லை? இந்த இடத்தில்தான் பொருளியல் உதவிக்கு வருகிறது.

விடையின் ஒரு பகுதி வரலாற்றில் இருக்கிறது. ஜெராக்ஸ் நிறுவனம் 1959-இல் அறிமுகப்படுத்திய '914' என்னும் இயந்திரம் நகலெடுக்கும் தொழிலையே மாற்றியது. அதை விலை கொடுத்து வாங்க அலுவலகங்கள் தயங்கும் என்பதால், மாதம் 95 டாலருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். முதல் 2,000 நகல்கள் அந்தத் தொகைக்குள் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு நகலுக்கும் சில சென்ட்டுகள். பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. மிகச் சிறந்த வணிக ஏற்பாடு அது. அதன் அளவுகோல் ஒன்றே ஒன்று: பக்கங்களின் எண்ணிக்கை. இன்று நம் ஊர் அலுவலகங்களில் 'பக்கத்துக்கு இத்தனை பைசா' என்று பேசி முடிக்கப்படும் வாடகை ஒப்பந்தம் அதன் நேர் வாரிசு.

கல்லூரியில் பணியாற்றிய ஆண்டுகளில் இத்தகைய ஒப்பந்தங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். மீட்டர் அளவு எந்தத் தேதியில் குறிக்கப்படும், டோனர் யார் செலவு, பழுது என்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வரவேண்டும், தாள் சிக்கி வீணானால் கழிவு எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கும். இயந்திரத்தின் உள்ளே ஒரு தட்டு இருக்கிறது, அதில் மாணவர்களின் சாதிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் சில வேளைகளில் வினாத்தாளும் பதிகின்றன என்பதற்கு ஒரு வரியும் இராது. இயந்திரம் கணினியாக மாறிவிட்டது. ஒப்பந்தம் மட்டும் 1959-லேயே நின்றுவிட்டது.

ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒன்று யாருக்கு உரியது? 2016-ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் ஹார்ட்டின் ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் மையமாகக் கொண்டது. எந்த ஒப்பந்தமும் எதிர்காலத்தில் நிகழக்கூடிய அனைத்தையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. எழுதப்படாத சூழல் நேரும்போது முடிவெடுக்கும் அதிகாரம் பொருளின் உரிமையாளரிடம் போய்ச் சேர்கிறது; உடைமை என்பதன் உட்பொருளே அதுதான் என்று அவரும் சான்ஃபர்ட் கிராஸ்மனும் 1986-இல் விளக்கினார்கள். நகல் இயந்திரத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தட்டு குத்தகை நிறுவனத்தின் சொத்து. தட்டில் உள்ள செய்தி அலுவலகத்தைச் சார்ந்தது. அச்செய்தி பேசுவதோ மூன்றாம் ஒருவரைப் பற்றி. ஒரு நோயாளியை, ஒரு மாணவரை, காவல் நிலையத்துக்கு வந்து புகார் எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணைப் பற்றி. ஒப்பந்தம் மௌனமாக இருக்கும்போது, தட்டோடு சேர்ந்து அந்த நோயாளியின் இரகசியமும் குத்தகை நிறுவனத்தின் லாரியில் ஏறிவிடுகிறது.

அந்த மூவருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவர் ஒருவரே. இழப்பு நேர்ந்தால் முழுமையாகச் சுமப்பவரும் அவரே. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஆலை தன் கழிவை ஆற்றில் விடுகிறது. அதன் விலையை ஆற்றின் கீழ்ப்பகுதியில் குடியிருப்பவர் கொடுக்கிறார். ஆலையின் கணக்குப் புத்தகத்தில் அந்த விலை ஏறுவதே இல்லை. ஆற்றில் கலந்த சாயத்தையாவது கண்ணால் பார்க்கலாம். வன்தட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஓர் அடையாள அட்டையைக் கொண்டு எவரோ வேறோர் ஊரில் கடன் வாங்கினால், அது எந்த இயந்திரத்திலிருந்து போனது என்று பாதிக்கப்பட்டவர் ஒருநாளும் நிறுவ முடியாது. தடயம் இல்லாத இழப்புக்கு வழக்கு இல்லை. வழக்கு இல்லாத இடத்தில் எச்சரிக்கையும் இராது.

காலமும் இதற்கு எதிராகவே இருக்கிறது. இயந்திரம் திரும்பிப் போகும் நாளில் அலுவலகத்தின் கவனம் முழுவதும் புதிதாக வந்திறங்கும் இயந்திரத்தின் மீது இருக்கும். குத்தகை நிறுவனத்தின் கவனம் பழையதை விரைவாக மறுவிற்பனைக்கு அனுப்புவதில் இருக்கும். அன்று 'தட்டைக் கொடுங்கள்' என்று கேட்டால், நிறுவனம் சொல்வதுதான் விலை. வேறு எவரிடமும் போய் அந்தத் தட்டை வாங்க முடியாது. மாறாக, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பு நான்கு நிறுவனங்கள் போட்டியிடும். அன்று கேட்டால் அதே உரிமை சில நூறு ரூபாய்க்கு, ஒருவேளை இலவசமாகவே கிடைக்கும். பேரம் பேசும் வலிமை முதல் நாளில் இருக்கிறது. கடைசி நாளில் இல்லை. அழிப்பது கடைசி நாளின் வேலை. ஆனால் அதற்கான உரிமையை முதல் நாளிலேயே வாங்கிவிட வேண்டும்.

'அழிக்கும் பொறுப்பை ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டோம்' என்பதும் போதாது. மார்கன் ஸ்டான்லி என்னும் பெரும் நிதி நிறுவனத்தின் அனுபவம் இதைக் காட்டுகிறது. பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்ட ஆயிரக்கணக்கான வன்தட்டுகளையும் சர்வர்களையும் அகற்றும் பணியை, தரவு அழிப்பில் எவ்வித அனுபவமும் இல்லாத, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் வகையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்திடம் அது ஒப்படைத்தது. அந்நிறுவனம் அவற்றுள் பலவற்றை வேறொருவருக்கு விற்றது. சில, வாடிக்கையாளர்களின் விவரங்கள் அழிக்கப்படாமலேயே இணைய ஏலத்தில் விலைபோயின. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் தகவல்களைப் பாதுகாக்கத் தவறியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2022 செப்டம்பரில் 3.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதில் இன்னொரு செய்தியும் உண்டு. காணாமல்போன வேறு சில சர்வர்களில் குறியாக்கம் செய்யும் வசதி ஏற்கெனவே இருந்தது; பல ஆண்டுகளாக அதை எவரும் இயக்கி வைக்கவில்லை. இன்றைய நகல் இயந்திரங்களிலும் குறியாக்க வசதி பரவலாக உள்ளது. வசதி இருப்பதும் அது இயங்குவதும் ஒன்றல்ல என்பதே பாடம்.

அமெரிக்க அரசு அமைப்புகள் 2010 செய்திக்குப் பிறகு விரைந்தே செயல்பட்டன. அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் அதே ஆண்டு நவம்பரில், நகல் இயந்திரங்களுக்கென்றே தனி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நகல் இயந்திரத்தை எழுதுபொருள் பிரிவிடம் விட்டுவிடாமல் கணினிப் பிரிவின் பொறுப்பில் வைக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான அறிவுரை. தட்டை அவசரப்பட்டுத் தாமே கழற்றிவிட வேண்டாம். இயந்திரத்தை இயக்கும் மென்பொருளும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, கழற்றினால் இயந்திரம் நின்றுவிடும் என்றும் அது எச்சரித்தது. நெவாடா மாநிலம் 2011-இல் ஒரு படி மேலே சென்றது. தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டத்திலேயே, நகல், அச்சு, ஸ்கேன் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்யும் பல்பயன் இயந்திரங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. தகவலைப் பாதுகாக்கும் கடமையை ஏற்றுக்கொள்ளும் ஒருவரிடம் அல்லாமல் வேறு எவரிடமும் அத்தகைய இயந்திரத்தின் சேமிப்புத் தட்டைக் குறியாக்கம் இன்றி ஒப்படைக்க முடியாது என்பது அதன் சாரம். இயந்திரம் கைமாறும்போது கடமையும் கைமாற வேண்டும் என்ற எளிய கோட்பாடு அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நகலெடுப்பதற்கு 'ஜெராக்ஸ்' என்பதையே பொதுச்சொல்லாக்கிக்கொண்ட சமூகம் நம்முடையது. பள்ளிச் சேர்க்கை முதல் சிலிண்டர் இணைப்பு வரை எதற்குச் சென்றாலும் அடையாள அட்டையின் நகலைக் கேட்கிறார்கள். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், ஆதார் நகலை எந்த நிறுவனத்துக்கும் கொடுக்க வேண்டாம், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்று ஓர் அறிவுரை வெளியிட்டது. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' படியைக் கொடுக்குமாறும் கூறியது. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று கூறி மத்திய அரசு அந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றது. அந்த விவாதம் முழுவதும் நம் கையில் இருக்கும் தாள் நகலைப் பற்றியதாகவே இருந்தது. அந்தத் தாளைத் தந்த இயந்திரம் தனக்கென வைத்துக்கொள்ளும் இன்னொரு நகலைப் பற்றி எவரும் பேசவில்லை.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே துணை நிற்குமா? என் வாசிப்பில், நிற்கும். தாளில் இருந்து பின்னர் மின்னணு வடிவத்துக்கு மாற்றப்பட்ட தகவலும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது. சேமித்தல், அழித்தல் ஆகிய இரண்டுமே தரவைக் கையாளுதல் என்ற வரையறைக்குள் உள்ளன. தகவலைத் திரட்டும் நிறுவனம், வேறு எவருடனும் எந்த ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தாலும், சட்டத்தின் முன் தானே பொறுப்பு. உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் அளித்துள்ளன. அதாவது, 2027 மே மாதம்.

ஆனால் மூன்றரை டாலர் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டும். இச்சட்டத்தின்படி வசூலாகும் அபராதம் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். கவனக்குறைவால் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு தரவேண்டும் என்று கூறும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, புதிய சட்டத்தின் அப்பகுதி நடைமுறைக்கு வரும்போது நீக்கப்பட்டுவிடும். புறவிளைவைச் சுமந்தவருக்கு ஒரு காசும் போகாது. அபராதம் அச்சுறுத்தும், ஈடு செய்யாது. எனவே, கசிந்த பிறகு தண்டிப்பதைவிடக் கசியாமல் தடுப்பதற்கே நம் நாட்டில் கூடுதல் முக்கியத்துவம் தரவேண்டியுள்ளது.

அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் நான்கு வரிகள் போதும். ஒன்று, இயந்திரம் நிறுவப்படும் நாளிலேயே குறியாக்கமும், ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் தானாக மேலெழுதும் வசதியும் இயக்கி வைக்கப்பட வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் மாற்றப்பட வேண்டும். இரண்டு, குத்தகை முடியும்போது தட்டு, முன்கூட்டியே பேசிய விலையில் அலுவலகத்திடமே தங்க வேண்டும். அல்லது இயந்திரம் வாசலைத் தாண்டுமுன், அலுவலகப் பொறுப்பாளரின் கண்முன் அழிக்கப்பட வேண்டும். மூன்று, அழித்ததற்கான சான்று, தட்டின் வரிசை எண்ணுடன் எழுத்தில் தரப்பட வேண்டும். 'அழிக்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரை சான்றாகாது. எந்தத் தட்டு, எந்த முறை, எந்த நாள், யார் கையெழுத்து என்பவை வேண்டும். அவற்றுள் சிலவற்றையாவது பொறுக்கி எடுத்துச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். நான்கு, குத்தகைக் காலத்துக்கு நடுவே பழுது பார்க்க வருபவர் தட்டை மாற்றினால், பழைய தட்டுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். பழுதான தட்டு பழுதுபார்ப்பவரின் பையிலேயே போய்விடுவது எவர் கண்ணிலும் படாத வழி.

இதில் அரசு வழிகாட்ட முடியும். அரசு அலுவலகங்கள், பல்கலைக்கழகங்கள், அரசு மருத்துவமனைகள், பொதுத்துறை வங்கிகள் ஆகியவை நகல் இயந்திரச் சந்தையின் மிகப்பெரிய வாடிக்கையாளர்களுள் அடங்கும். அவற்றின் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் இந்த நான்கு வரிகளும் கட்டாயமாக்கப்பட்டால், நிறுவனங்கள் அதையே தம் பொது ஒப்பந்தமாக்கிக்கொள்ளும். இரண்டு இயந்திரம் மட்டும் வாடகைக்கு எடுக்கும் சிறிய மருத்துவமனையோ கணக்குத் தணிக்கை அலுவலகமோ தனியாகப் பேரம் பேச முடியாது. பெரியவர் பேசி வாங்கிய நிபந்தனையின் பயன் அவர்களுக்கும் கிடைக்கும்.

வாடகை கூடும் என்று ஒரு மறுப்பு எழலாம். கூடட்டும், மிகச் சிறிதே கூடும். இதுவரை நோயாளியும் மாணவரும் அறியாமல் செலுத்திவந்த விலை, இயந்திரத்தைப் பயன்படுத்துபவரின் கணக்குக்கு வருகிறது என்பதே அதன் பொருள். பழைய இயந்திரங்களின் மறுவிற்பனை நசிந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. பழைய இயந்திரங்களின் சந்தை வேண்டியதுதான். குறைந்த முதலில் கடை வைப்பவர்களுக்கு அது வாழ்வு, குப்பையும் குறைகிறது. வெளிநாடுகளில் பயன்படுத்திய பல்பயன் இயந்திரங்கள் இந்தியாவுக்கு இறக்குமதியாவது குறித்த வழக்கொன்று 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அவை கட்டுப்படுத்தப்பட்ட பொருளே தவிர, தடை செய்யப்பட்ட பொருள் அல்ல என்று நீதிமன்றம் கூறியது. அச்சந்தை நிலைக்க வேண்டுமானால் தட்டைச் சிதைப்பதைவிட முறையாக அழிப்பதே சிறந்த வழி. சுத்தமான தட்டுடன் வரும் பழைய இயந்திரத்தை விற்பவரும் வாங்குபவரும் அச்சமின்றிக் கைமாற்றிக்கொள்ளலாம்.

தனிமனிதர்கள் செய்யக்கூடியது குறைவு. முழு எண் தேவைப்படாத இடங்களில் எண் மறைத்த ஆதார் படியைக் கொடுக்கலாம். கேட்காத ஆவணத்தைக் கொடுக்காமல் இருக்கலாம். அதற்கு மேல், தன் சான்றிதழைக் கண்ணாடியின் மீது வைத்துவிட்டு வரிசையில் நிற்கும் ஒருவர், இயந்திரத்தின் உட்புறத்தைத் திறந்து பார்க்க முடியாது. அவருக்காக அதைப் பார்க்க வேண்டியவர், அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர்.

2027 மே மாதத்துக்கு அதிக நாள் இல்லை. இப்போது கையெழுத்தாகும் மூன்றாண்டு, ஐந்தாண்டுக் குத்தகைகள் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகுதான் முடியும். இன்று எழுதப்படாத வரிக்கு அன்று விலை கொடுக்க வேண்டியிருக்கும். நிறுவனத் தலைவர்களும் முதல்வர்களும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களும் தத்தம் அலுவலகத்து நகல் இயந்திர ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்கட்டும். பக்கத்துக்கு எத்தனை பைசா என்பது நிச்சயம் அதில் இருக்கும். தட்டு யாருக்கு என்பது இருக்கிறதா என்று பார்க்கட்டும்!

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)